என்ட தலையில போடுங்க

ஊரில் எல்லோருக்கும் அவர் பாஸ். கல்முனையில் மோட்டார் வேலை தெரிந்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் காக்கா. என் உம்மாவின் ஒன்றுவிட்ட ராத்தாவுடைய, அதாவது அக்காவுடைய, மகன் என்பதால் உறவு முறையில் மூத்த சகோதரன். எங்கள் வளவுக்கும் அவருடைய வளவுக்கும் இடையில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலிதான். அந்தப் பக்கம் தெருவோரமாகத் தகரக் கூரை போட்ட அவருடைய கராஜ். காலையில் சுபஹுத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒரு லொறியின் இருமல் கேட்கும். அதோடுதான் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுவோம்.

நெடிய மனிதர். ஆனால் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. யாரோடு கதைத்தாலும் கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, ஏற்கெனவே ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டவர் மாதிரிதான் நிற்பார். கதையும் அப்படித்தான். பஸ் பிந்தி வந்தால், "நான்தான் டிரைவர மறிச்சு வெச்சுக் கதைச்சிக்கிட்டிருந்த, என்ட தலையில போடுங்க" என்பார். உண்மையில் அவர் டிரைவருக்கு சலாம் சொன்னதோடு சரி.

ஒரு நோன்பு காலத்தில் பள்ளிவாசல் முற்றத்தில் கஞ்சிக் கிடாரம் சரிந்து, நோன்பு திறக்க இருந்த சனத்தின் கஞ்சி முழுவதும் மணலுக்குள் போய்விட்டது. யார் தட்டினார்கள் என்று பெரிய சத்தம். ஆளுக்காள் கை நீட்டிக்கொண்டிருந்தபோது காக்கா பின்னாலிருந்து வந்து, "அடுப்புக் கல்ல நேத்து நான்தான் இறக்கி வெச்ச, சரியா வெக்கல்ல போல. என்ட தலையில போடுங்க" என்றாராம். சத்தம் அடங்கிவிட்டது. எங்கள் வாப்பா வந்து இதைச் சொல்லிச் சிரித்தார். அதற்கு முந்தின நாள் காக்கா ஊரிலேயே இல்லை, சம்மாந்துறையில் ஒரு நெல் மில்லில் எஞ்சின் கழற்றிக்கொண்டிருந்தார் என்பது வாப்பாவுக்குத் தெரியும்.

இன்னொரு முறை இரண்டு ஹயர் கார்க்காரர்கள் கதவில் விழுந்த கீறலுக்காகக் கராஜ் வாசலில் சேட்டுக் கொலரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காக்கா நடுவில் போய், கீறியது தன் கையிலிருந்த ஸ்பானர் என்றார். இருவருமே அவர் மேல் கோபப்பட்டார்கள். ஒருவன், "பாஸ், நீங்க சும்மா இரிங்க. நாங்க சண்டை பிடிக்கவும் விடமாட்டீங்களா" என்று கேட்டான்.

அவருடைய மனைவியை நான் மதினி என்பேன். மதினிக்கு இந்தக் குணம் ஆகவே ஆகாது. "ஊரார்ட பிழையெல்லாம் பொறுக்கிக்கிட்டு வாறார். வீட்டில வெக்க எடமில்ல" என்று வேலிக்கு மேலால் என்னிடம் சொல்வார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்கும். அப்போது இருந்தது.

எனக்குக் கல்யாணமானது அந்த வருடங்களில்தான். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்து இருந்தார். நெல் வியாபாரம் செய்யும் குடும்பம். நல்ல மனிதர். ஆனால் எதிலும் முந்த வேண்டும் என்கிற ஆள். மலைநாட்டில் ஒரு தோட்டத்துரை சீமைக்குத் திரும்பிப் போகிறபோது விற்றுவிட்டுப் போன ஒரு காரை அவர் வாங்கிக்கொண்டு வந்தார். துணிக்கூரை. முன்னால் இரண்டு பேர், பின்னால் நெருக்கி இரண்டு பேர் இருக்கலாம். பார்க்கச் சின்னதுதான். ஆனால் ஊரில் வேறெந்தக் காருக்கும் இல்லாத ஒன்று அதற்கு இருந்தது. எஞ்சினோடு சேர்த்து ஒரு புளோவர் பூட்டியிருந்தது. எஞ்சின் சுற்றும்போது ஒரு பெல்ட் இந்தப் புளோவரையும் சுற்றும். அது காற்றையும் பெற்றோலையும் சேர்த்து அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். அந்த அமுக்கம் எவ்வளவு என்று காட்ட, ஓட்டுகிறவருக்கு முன்னால் ஒரு சின்ன மீட்டர். காரை மிதிக்கும்போது ஒரு ஊளைச் சத்தம் கிளம்பும். அந்தச் சத்தத்துக்காகவே தெருவில் ஆட்கள் வந்து நிற்பார்கள்.

காக்கா அந்தக் காரை முதல் தரம் திறந்து பார்த்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. பிளக்குகளைக் கழற்றி வெயிலுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நான் வேலிப் பக்கம் நின்றேன். என்னைக் கண்டதும் ஒரு பிளக்கைத் தூக்கிக் காட்டினார்.

"தங்கச்சி, இது என்ன நிறம்?"

"பிஸ்கட் நிறம்."

"அதுதான் சரி. கறுத்திருந்தா பெற்றோல் கூட. வெளுத்திருந்தா பெற்றோல் காணா. கறுத்தா பரவாயில்ல, புகைக்கும், அவ்வளவுதான். வெளுக்க விடக்கூடா. வெளுத்தா உள்ளுக்குச் சூடு ஏறி பிஸ்டன் உருகிப் போகும்."

யாருக்கும் வகுப்பெடுக்கிற ஆளில்லை அவர். அந்தக் காரைப் பற்றி மட்டும் ஆசையாகக் கதைப்பார். ஆசையோடு கொஞ்சம் பயமும் இருந்தது.

எனக்கு மாதம் கூடி வந்த நேரம் அது. முதல் பிள்ளை. அக்கரைப்பற்றில் மரக்கடை வைத்திருந்த ஒருவரின் மகன் புதிதாகப் பெரிய கார் ஒன்று இறக்கியிருந்தான். அவனும் என் மாப்பிள்ளை இவரும் ஒரு கல்யாண வீட்டில் கதைக்கப் போய், கடைசியில் கல்முனைச் சந்தியிலிருந்து அக்கரைப்பற்றுச் சந்தி வரைக்கும் ஓடிப் பார்ப்பது என்று முடிந்தது. அந்தக் கிழமை ஏழு நாளும் கார் காக்காவின் கராஜில்தான் நின்றது. பகல் எல்லாம் ஊளைச் சத்தம். ஒரு தரம் கறுப்புப் புகை வேலியைத் தாண்டி வந்து எங்கள் கொடியில் கிடந்த சேலைகளில் படிந்தது. அடுத்த நாள் புகை இல்லை. சத்தம் மட்டும் முன்னையை விடக் கூர்மையாக இருந்தது.

ஓட்டத்தில் இவர்தான் வென்றார். நிந்தவூர் தாண்டும்போதே மற்றக் கார் கண்ணுக்கு மறைந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி மாளவில்லை. அன்று பின்னேரம் காக்கா எங்கள் வாசலில் வந்து நின்று இவரோடு ஏதோ கதைத்தார். கையில் ஒரு ஸ்பானரும் பெல்ட் சுற்றுகிற கப்பி ஒன்றும் இருந்தன. இவர் சிரித்துக்கொண்டே அவருடைய தோளில் தட்டி அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் முற்பகல் எனக்கு வலி கண்டது. மருத்துவிச்சி வந்து வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மட்டக்களப்புப் பெரிய ஆசுபத்திரிக்கே கொண்டுபோங்கள், சுணங்காதீர்கள் என்றார். உம்மா என்னைப் பின்னால் மடியில் சாய்த்துக்கொண்டார். இவர் காரை எடுத்தார்.

உச்சி வெயில். தார் ரோட்டில் கானல் ஓடியது. இவர் மிதித்த மிதியில் கார் ஊளையிட்டுக்கொண்டு போனது. களுவாஞ்சிக்குடி தாண்டி ஒரு பக்கம் வயலும் மறுபக்கம் தென்னையுமாக வரும் இடத்தில், எஞ்சினுக்குள் யாரோ சில்லறை குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் தொடங்கியது. இவர் காலை எடுக்கவில்லை. கொஞ்சத் தூரத்தில் ஒரு வெடி. முன்னால் நீலப் புகை. பிறகு காரில் எந்தச் சத்தமும் இல்லை. என்னுடைய சத்தம்தான் இருந்தது.

அந்த ரோட்டில் அந்த நேரத்தில் வாகனம் எங்கே வரும்? இவர் தொப்பியைக் கழற்றி வீசிக்கொண்டு ரோட்டில் முன்னும் பின்னும் ஓடினார். ஒரு மாட்டு வண்டி வந்தது. அதில் ஏற்றினார்கள். பிறகு எதிரே வந்த ஒரு தேங்காய் லொறியைத் திருப்பி அதில் ஏற்றினார்கள். ஆசுபத்திரியில் என்னைப் பார்த்த டாக்டர் உம்மாவிடம், "வர ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். அவர் கோபித்துக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். ஆண் பிள்ளை. உயிர் இல்லை.

நான் வீட்டுக்கு வந்த அன்று முற்றம் நிறைய ஆட்கள். பிள்ளையை ஏற்கெனவே மையவாடியில் அடக்கியிருந்தார்கள். நான் அறைக்குள் படுத்திருந்தேன். வெளியே வாப்பா இவரைப் பார்த்துக் கேட்டது எனக்குக் கேட்டது.

"மகன், முதல் நாள் அவ்வளவு நல்லா ஓடின கார் அடுத்த நாள் எப்படி நிண்ட?"

இவர் பதில் சொல்லவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். பிறகு காக்காவின் குரல்.

"சாச்சா, அது என்ட பிழை. பெற்றோல நான் குறைச்சு வெச்சிருந்தன். பிஸ்டன் உருகிட்டு. என்ட தலையில போடுங்க."

கஞ்சிக் கிடாரத்துக்குச் சொன்ன அதே சொல். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வாப்பா எழுந்து உள்ளே வந்துவிட்டார். காக்கா அங்கேயே நின்றார் என்று பிறகு உம்மா சொன்னார். ஆட்கள் கலைந்து போகும் வரைக்கும் நின்றாராம்.

அதற்குப் பிறகு லொறிக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு கராஜுக்குப் போகத் தொடங்கினார்கள். தானே வாயால் சொன்ன மனிதர், யார் வண்டியைக் கொடுப்பார்கள்? காலையில் அந்த இருமல் சத்தம் கேட்கிற நாட்கள் குறைந்தன. ஆனால் காக்கா எங்கள் வீட்டுக்குச் செய்வதை நிறுத்தவில்லை. கிணற்றுக் கப்பி இறுகினால் சொல்லாமலே வந்து எண்ணெய் போடுவார். நல்ல மீன் கிடைத்தால் வேலிக்கு மேலால் பாதி வரும். என்னைக் கண்டால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்குவார். ஒரு நாள் என் தங்கச்சி சொன்ன ஏதோ பகிடிக்கு நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றது அப்போதுதான் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவர் நம்மை நினைத்து அவ்வளவு வருந்தும்போது நமக்கு வீட்டில் நடமாடவே கூச்சமாகிவிடுகிறது. சில நாட்களில் எனக்கு அவர் மேல் வெறுப்புக்கூட வந்தது.

மதினியின் சிரிப்பும் போய்விட்டது. ஒரு நாள் நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"நீங்களாவது உங்கட மாப்பிள்ளட்டக் கேட்டீங்களா?"

"என்னத்த, மதினி?"

"அண்டைக்குப் பெற்றோலக் குறைக்கச் சொன்ன ஆரெண்டு. நான் இந்த வாசலில உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்த. இவர் மாட்டன் மாட்டன் எண்டு எத்தனை தரம் சொன்னவர்."

அன்று பகல் இவர் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஓம். நான்தான் சொன்ன. புளோவர்ட கப்பியச் சின்னதாப் போட்டா அது இன்னும் வேகமாச் சுத்தும், காத்து இன்னும் கூட ஏறும். அதுவும் நான் கேட்டதுதான். பாஸ் போட்டுத் தந்தவர். ஆனா காத்தக் கூட்டினா பெற்றோலையும் கூட்டணும் எண்டு நிறையத் திறந்து வெச்சார். கார் புகைச்சுது, எடுப்பில திக்கிச்சுது. நான் பெற்றோலக் குறைக்கச் சொன்ன. இந்தக் காத்துக்கு இந்தப் பெற்றோல் காணா மச்சான், உருகிடும் எண்டார். அக்கரைப்பற்று மட்டும் ஓடினாப் போதும், மறுகா மாத்துவம் எண்டு நான் சொன்ன. ஓடி முடிஞ்ச அண்டைக்கே மாத்த வந்தவர்தான். வெள்ளிக்கிழமை மட்டும் கிடக்கட்டும், பொத்துவிலுக்கு ஒருக்கா ஓடிக் காட்டணும் எண்டு நான்தான் அனுப்பினன்."

"வலி கண்ட நேரம் உங்களுக்கு இது நினைவிருந்ததா?"

"இருந்த. மெதுவா ஓடினா தாங்கும் எண்டு நினைச்சன். மறுகா நீ சத்தம் போட்ட. மெதுவா ஓட ஏலாமப் போச்சு."

பிறகு, "அவர் முடியவே முடியாது எண்டு சொல்லியிருந்தா..." என்று தொடங்கி, அதை முடிக்காமல் விட்டார்.

நான் அழவில்லை, சத்தம் போடவுமில்லை. "போய்ச் சொல்லுங்க. எல்லாரும் இரிக்கிற நேரம் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் போனார். அதை மறைக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் கராஜுக்கு முன்னால் நின்று கதைக்கிற நேரம் பார்த்துப் போனார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றார் இவர். "அண்டைக்கு என்ட கார் நிண்டதுக்குப் பாஸ் காரணமில்ல. பெற்றோலக் குறைக்கச் சொன்ன நான். அவர் வேணாமெண்டுதான் சொன்னவர். பிழை என்ட."

காக்கா உள்ளேயிருந்து வந்தார். எண்ணெய்ச் சீலையில் கையைத் துடைத்துக்கொண்டு, எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

"மச்சான் என்ட பிழைப்புக் கெட்டுப்போகுதெண்டு இரக்கப்பட்டுச் சொல்றார். அவருக்குக் காத்தென்ன, பெற்றோலென்ன, என்ன தெரியும்? எல்லாம் நான் பார்த்து வெச்சதுதான்."

"இல்ல பாஸ்" என்று இவர் தொடங்கினார்.

"போங்க மச்சான். போய்ச் சாப்பிடுங்க. தங்கச்சி பாத்துக்கிட்டிருப்பா."

பெரியவர் ஒருவர் வந்து இவரைக் கட்டிப்பிடித்தார். பிள்ளையைப் பறிகொடுத்த மனிதன் அதற்குக் காரணமானவனுக்காகப் பொய் சொல்கிறானே, இந்தக் காலத்தில் யாருக்கு இந்த மனசு வரும் என்று சொன்னார். மற்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள். ஊர் அதைத்தான் நம்பியது. அன்றிலிருந்து இவருக்கு ஊரில் ஒரு தனி மரியாதை. பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் எடுத்தார்கள். காக்காவின் கராஜுக்கு ஒரு லொறிகூடத் திரும்பி வரவில்லை.

பின்னேரம் நான் வேலிப் படலையைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் போனேன். கல்யாணமான பிறகு தனியாக நான் அந்த முற்றத்தில் கால் வைத்தது அன்றுதான். காக்கா ஒரு பெட்டியில் சாமான்களைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, இவர் உண்மையைத்தானே சொன்ன. ஏன் பொய்யாக்கினீங்க?"

"என்ன பொய்? நட்டத் திருகின கை என்ட கை. உருகுமெண்டு தெரிஞ்சுதான் திருகினன்."

"திருகச் சொன்னது ஆர்?"

அவர் முதல் தரமாக என்னை நேரே பார்த்தார்.

"தங்கச்சி, நீங்க ரெண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழ இரிக்கிற ஆக்கள். நாளைக்கு ஒரு சின்னக் கோபம் வரும். அவர்ட முகத்தப் பார்த்ததும் உங்களுக்கு அந்தப் புள்ளட நினைவு வந்தா, அந்த வீடு என்னத்துக்காகும்? நான் எண்டா வேலிக்கு அங்கால. வேணாமெண்டா என்னைப் பாக்காமலே இரிக்கலாம்."

"அப்ப மதினி?"

அவர் ஒரு போல்ட்டை எடுத்துத் துடைத்தார். "அவளுக்கு என்னைத் தெரியும்" என்றார் கடைசியில்.

குசினிக்குள்ளிருந்து மதினியின் குரல் வந்தது. "எனக்குத் தெரிஞ்சு என்ன? ஊருக்கும் தெரிஞ்சாத்தானே உலை கொதிக்கும்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பல தரம் யோசித்திருக்கிறேன். அன்று ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தேன். அவர் செய்தது எங்கள் மேல் வைத்த அன்பா, அல்லது எந்தப் பிழையையும் பிறருக்கு விட்டுக்கொடுக்காத அவருடைய பழக்கமா, அதில் கொஞ்சம் பெருமையும் இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஆனால் வேலிப் படலையைச் சாத்தும்போது என் மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை. அதுதான் என்னை இன்றும் வெட்கப்படுத்துகிறது.

சில மாதத்தில் அவர்கள் பொத்துவிலுக்குப் போய்விட்டார்கள். அங்கே வயல் உழுகிற டிராக்டர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டதாம். கராஜ் தகரத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றும்போது இவர் போய்க் கைகொடுத்தார். இருவரும் நல்ல நண்பர்கள் மாதிரித்தான் கதைத்தார்கள்.

அல்லாஹ் எங்களுக்குப் பிறகு ஒரு மகளைத் தந்தான். அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது பொத்துவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். நாங்கள் வந்ததைக் கேள்விப்பட்டுக் காக்கா தேடி வந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. மகளைத் தூக்கி அங்கே நின்ற டிராக்டரின் இருக்கையில் இருத்தினார். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தோளில் கிடந்த சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். மதினி வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று காக்கா சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பஸ் திருக்கோவிலைத் தாண்டியது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உம்மா, அந்த மாமா என்னைக் கண்டு ஏன் அழுதவரு?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். எத்தனையோ சண்டைகள் எங்களுக்குள் வந்து போயிருந்தன. காசுக்கு, சொந்தத்துக்கு, சோற்றுக்கு உப்புக் கூடியதற்கு. ஒன்றில்கூட அந்தப் பிள்ளையின் கதை எழுந்ததில்லை.

"அவர் முந்தி ஒரு பெரிய பிழை செஞ்சவர், மகள்" என்றேன். "அத நினைச்சு அழுதிருப்பார்."

சொல்வதற்கு எனக்குக் கொஞ்சமும் சிரமமாக இருக்கவில்லை. இவர் முகத்தைத் திருப்பி, ஜன்னலுக்கு வெளியே அறுத்து முடித்த வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.